சிவப்பு நட்சத்திரத்தின் கடைமடை

சிலி நாட்டில் கால் வைத்ததும் நான் முதலில் பறிகொடுத்தது ஒரு பிடி விதைநெல். மஞ்சள் துணியில் முடிந்து, பெட்டிக்கு அடியில், எனக்கே தெரியாமல் அப்பா வைத்திருக்கிறார். எந்தக் காரியம் தொடங்கினாலும் விதைநெல் கூடவே இருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். மகள் நட்சத்திரம் பார்க்கப் போனாலும் அதே சட்டம்தான். விமான நிலையத்தில் ஒரு நாய் என் பெட்டியை முகர்ந்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. எவ்வளவு கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

அதிகாரிப் பெண் முடிச்சை அவிழ்த்தாள்.

"என்ன இது?"

"அரிசி. உமி நீக்காதது."

"எதுக்கு?"

"எங்க அப்பா" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க அம்மாவும் இப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே நெல்லை ஒரு சிவப்புத் தொட்டியில் கொட்டினாள். துணியை மட்டும் மடித்துக் கையில் கொடுத்தாள். இட்லிப் பொடி தப்பித்தது.

நான் எதற்கு அங்கே போனேன் என்று சொல்லிவிடுகிறேன். மன்னார்குடியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். வகுப்பு போக மிச்ச நேரமெல்லாம், பல வருடங்களாக, ஒரு நட்சத்திரத்தின் பின்னால் அலைகிறேன். அதற்குப் பெயர்கூடக் கிடையாது, அட்டவணையில் நீளமாக ஒரு எண் இருக்கிறது. சிவப்புக் குள்ளன் என்ற வகை. நம் சூரியனோடு ஒப்பிட்டால் சுண்டைக்காய். நீறு பூத்த கங்கு மாதிரி மங்கலாகச் சிவந்து கிடக்கும், வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நமக்கு ரொம்பப் பக்கம். பக்கம் என்றால், நான் பிளஸ் டூ எழுதிய வருடம் அங்கிருந்து கிளம்பிய வெளிச்சம் இப்போதுதான் வந்து சேர்கிறது. வானத்தில் அதுதான் பக்கத்து வீடு.

அதைச் சுற்றி இரண்டு கோள்கள் ஓடுவது ஊருக்கே தெரியும். அவற்றுக்கு வெளியே மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்று சொல்வது நான் ஒருத்திதான். கோள் குறுக்கே போகும்போது நட்சத்திரத்தின் வெளிச்சம் ஒரு துளி குறையும். பழைய பதிவுகளைக் கிளறி அப்படி இரண்டு குறைவுகளைக் கண்டுபிடித்திருந்தேன். என் ஆய்வுக் குழுவில் ஒருவர், அவரும் தஞ்சாவூர்க்காரர்தான், அதைப் பார்த்துவிட்டு, "இது பதரும்மா. நெல்லுன்னு நெனச்சு தூத்திக்கிட்டு இருக்கீங்க" என்றார். மூன்றாவது தடவை கண்முன்னே பிடித்துக் காட்டினால் கோள். இல்லையென்றால் ஆய்வேட்டை மூட்டை கட்டிப் பரணில் போட வேண்டியதுதான். அந்தப் பதர் என்ற சொல் எனக்குச் சுருக்கென்று குத்தியது. இன்றைக்கும் குத்துகிறது.

அந்தக் கோள் ஆறு நாளுக்கு ஒருமுறை குறுக்கே போகும். பெரும்பாலும் பகலில் போய்த் தொலைக்கும். எங்கள் ஊரில் அந்த நட்சத்திரம் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுப் பக்கம் தாழத் தலைகாட்டிவிட்டு இறங்கிவிடும். சிலியின் மலைகளில்தான் உயரத்தில் நிற்கும். இந்த வருடம் அங்கே இருட்டிய பிறகு குறுக்கே போவது இரண்டே தடவை. முதலாவது, தொலைநோக்கியில் என் முறை தொடங்கும் நாளிலேயே வருகிறது. எத்தனை அதிர்ஷ்டம் என்று ஊரில் எல்லோருக்கும் மில்க் ஸ்வீட் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருந்தேன்.

மலைக்கு எங்களை வேனில் ஏற்றிப் போனவள் ரோசா. நாற்பது வயதிருக்கும், எந்த வளைவிலும் வேகம் குறைக்காத பெண். என்னோடு பவுலோ என்று ஓர் இத்தாலிக்காரர் வந்தார். என் முறை முடிந்ததும் அடுத்த முறை அவருடையது. மலைக்காற்று பழக வேண்டும் என்று முன்கூட்டியே வந்துவிட்டார். தூரத்துப் பால்மண்டலங்களை, கேலக்ஸி என்பார்களே, அவற்றை ஆராய்கிறவர். இவர்கள் பேசியதெல்லாம் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும். என் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே நம் தமிழில் தருகிறேன்.

வழியெல்லாம் மொட்டை மலை. நடுவில் ஒரு பள்ளத்தாக்கு மட்டும் திராட்சையும் பப்பாளியுமாகப் பச்சை. எங்கள் ஊரில் பச்சை எங்கே முடிகிறதென்று தெரியாது. இங்கே வாய்க்கால் எதுவரை போகிறதோ அதுவரை பச்சை, அடுத்த அடியில் பாலைவனம். வாய்க்கால் ஓரத்தில் ஒரு ஆள் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மதகையே பார்த்தபடி நின்றிருந்தார். நான் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த நிற்பு எனக்குத் தெரியும்.

"எங்க அண்ணன்" என்றாள் ரோசா. "இன்னைக்கு அவன் முறை. கொஞ்சம் அசந்தா மேல உள்ளவன் கதவை இறக்கிடுவான்."

"எங்க ஊர்லயும் அதே கதைதான்!" என்று கத்தியேவிட்டேன். பவுலோ பயந்து போய்த் திரும்பிப் பார்த்தார்.

அந்த உற்சாகத்தில் ரோசா என் பக்கம் திரும்பிக் கதை பேச, வேன் ஓரத்துச் சரளையில் இறங்கிப் புதைந்தது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். பவுலோ பளபளக்கும் தோல் ஷூவோடு வந்திருந்தார். தள்ளி முடித்தபோது அவர் முழங்கால்வரை செம்மண். எங்கள் ஊர்ச் சேற்றில் டவுன் பஸ் தள்ளிய அனுபவம் எனக்கு நன்றாகக் கைகொடுத்தது. எந்த இடத்தில் கை வைத்தால் மேலே தெறிக்காது என்று அவருக்குச் சொல்லாமல் விட்டது என் தப்புதான்.

மறுநாள் என் முறை. காலையில் கண் விழித்தால் ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது. வாழ்க்கையில் முதல்முறையாகப் பனிப்பொழிவு பார்க்கிறேன், பார்த்த மாத்திரத்தில் அதை வெறுத்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தொலைநோக்கியை இயக்குகிற நிக்கோலாஸ் அதிகம் பேசாத இளைஞர். "ஈரம். கூரையைத் திறக்க மாட்டேன்" என்றார். சாயங்காலம் கேட்டேன். "மாட்டேன்." இருட்டியதும் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார்.

உணவுக்கூடத்தில் பூசணிக்காயும் மாவும் பிசைந்து தட்டையாக எண்ணெயில் பொரித்துப் போட்டார்கள். மழை, பனி என்றால் இந்த நாட்டில் அதைத்தான் சாப்பிட வேண்டுமாம். எங்கள் ஊரில் மழை வந்தால் பஜ்ஜிக்கு மாவு கரைக்கிற மாதிரி. தொட்டுக்கொள்ள மிளகாய், வெங்காயம், கொத்தமல்லி அரைகுறையாய் நறுக்கிய ஒரு துவையல். மூன்றாவதைக் கடிக்கும்போது கடிகாரத்தைப் பார்த்தேன். அந்த நிமிடம் மேகத்துக்கு மேலே என் கோள் நட்சத்திரத்தைக் கடந்துகொண்டிருந்தது. குளியலறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சாப்பிட்ட பிறகுதான் அழுதேன் என்பதையும் சொல்ல வேண்டும், அது அத்தனை ருசி.

காலையில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. என் முறையில் இன்னும் ஒரு இரவு பாக்கி. ஆனால் அன்றைக்குக் கோள் குறுக்கே வராது. அடுத்து வருவது ஆறாம் நாள், சூரியன் இறங்கிய கொஞ்ச நேரத்தில். அதுதான் இந்த வருடத்துக்குக் கடைசி. அன்று முறை பவுலோவுடையது.

எங்கள் பக்கத்தில் வாய்க்கால் முறை தவறிப்போனால் என்ன செய்வோம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். யாரும் மனு எழுத மாட்டார்கள். அடுத்த முறைக்காரர் வீட்டுக்கு நேரே போய் நிற்பார்கள். போய் நின்றால் போதும், வாய் திறந்து கேட்கக் கூடாது. குடும்பம் சௌக்கியமா, மாடு கன்று போட்டதா என்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். எதற்கு வந்திருக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். "சரி, விடியக்கால நீ திருப்பிக்க" என்று அவர் வாயால் வர வேண்டும். கேட்டு வாங்கினால் அவர் பெருந்தன்மையைப் பறித்துக்கொண்ட மாதிரி.

ஆகவே காலைச் சாப்பாட்டு மேஜையில் பவுலோ எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"தூங்குனீங்களா?" என்றேன்.

"நல்லா."

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"சௌக்கியம்தான்."

"அம்மா?"

"அம்மாவா? ஏன், அம்மாவுக்கு என்ன?"

அம்மாவின் மூட்டுவலி, தம்பியின் கல்யாணம், ஷூவின் நிலைமை என்று ஒவ்வொன்றாக விசாரித்தேன். நடுநடுவே ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன். எங்கள் ஊர் ஆளாக இருந்தால் இதற்குள் தன் முறையை மட்டுமல்ல, மண்வெட்டியையும் கொடுத்திருப்பார். பவுலோ காப்பியை முடித்தார். "உங்களோட பேசினது ரொம்ப சந்தோஷம்" என்று எழுந்து போய்விட்டார்.

பக்கத்து மேஜையிலிருந்த ரோசா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த ஆளைக் கல்யாணம் பண்ணிக்கப் போறியா?" என்றாள்.

"ஐயோ! முறை கேக்கப் போனேன்."

"கேக்கவே இல்லையே நீ. போய் வாயத் தொறந்து கேளு, செல்வி. எங்க அண்ணனா இருந்தா வாய்க்கால் கரையில நின்னு கத்துவான்."

முதல் வேலையாக அதைச் செய்யவில்லை. என்ன கேட்பது, அவருக்கு என்ன நஷ்டம் என்று யோசித்தபடி வெளியே நடந்தேன். ஆறாம் நாள் நிலா எத்தனை மணிக்கு மறையும் என்று பார்த்தேன். வளர்பிறை. இருட்டியதும் நிலா மேலே இருக்கும், மங்கலான பால்மண்டலங்களைப் பார்க்கிற பவுலோவுக்கு அந்த வெளிச்சம் ஆகாது. நிலா இறங்கும்வரை ஏதோ சில்லறை வேலைதான் அவரால் செய்ய முடியும். என் குள்ளனோ சிவப்புக்கும் அப்பாலுள்ள அகச்சிவப்பு ஒளியில் தெரிகிறவன். நிலா அவனை ஒன்றும் செய்யாது.

எனக்குச் சட்டென்று அப்பாவின் நிலம் ஞாபகம் வந்தது. அப்பா பண்ணை வேலைக்குப் போனவர். பிறகு குத்தகை எடுத்து, ரொம்ப வருடம் கழித்து மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலத்துக்குத் தன் பேரில் பட்டா வாங்கினார். எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைத்தது கடைமடைதான், வாய்க்கால் முடிகிற இடம். ஆற்றில் தண்ணீர் திறந்தால் தலைமடைக்காரர்கள் எல்லோரும் பாய்ச்சி முடித்து, கடைசியில் மிச்சம் இருந்தால் எங்களுக்கு. பல வருடங்கள் மேல் வயல்கள் வேண்டாம் என்று வடிகாலில் விட்ட தண்ணீரைத் திருப்பித்தான் அப்பா நட்டார். அவர்களுக்கு அது கழிவு. அதில் விளைந்த நெல்லில்தான் நான் படித்தேன்.

பவுலோவின் நிலா நேரமும் வடிகால் தண்ணீர்தான். ஓடியே போய் அவர் அறைக் கதவைத் தட்டினேன்.

"ஆறாம் நாள் நிலா மறையிற வரைக்கும் உங்க முறையை எனக்குக் குடுங்க. அதுக்குப் பதிலா, இன்னைக்கு ராத்திரி பாக்கி இருக்கிற என் முறையை முழுசா எடுத்துக்குங்க."

அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. "உங்களுக்கு வேற காமிராவை மாட்டணும். திருப்பி என்னுடையதை மாட்டறப்ப கோளாறு வந்தா என் ராத்திரி போச்சு. ரெண்டு வருஷமா காத்திருந்து கிடைச்ச முறை, செல்வி." அவர் பயம் நியாயமானது. "இதைப் பதர்னு சொல்லிட்டாங்க" என்றேன். பதர் என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருந்தது. உமிக்குள்ளே அரிசி இல்லாத நெல் என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் பிறந்த இடமும் நெல் விளைகிற சமவெளியாம். எனக்கு அதுவரை தெரியாது. அம்மாவைப் பற்றி அத்தனை கேட்டவள் ஊரைப் பற்றிக் கேட்கவில்லை.

"இதைத்தான் காலையில கேக்க வந்தீங்களா?"

"ஆமா."

"அப்ப எங்க அம்மா?"

"அவங்களையும் கேட்டேன்."

அவர் சிரித்த சிரிப்பில் எனக்குச் சம்மதம் கிடைத்துவிட்டது.

இடைப்பட்ட நாட்களில் ரோசா தன் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். கோழி, உருளைக்கிழங்கு, மக்காச்சோளத் துண்டு எல்லாம் மிதக்கிற ஒரு குழம்பு, அடியில் ஒரு கரண்டி சோறு. குழம்பு அமிர்தம். தனியாக வைத்த சோறு எண்ணெயில் வதங்கி, ஒன்றோடொன்று பேசாமல் தனித்தனியாக நின்றது. அண்ணன் என்னை வாய்க்காலுக்கு அழைத்துப்போய் மதகைக் காட்டினார். அதைத் தூக்கும் இரும்பு மரை கட்டைவிரல் தடிமன், எங்கள் மதகும் சுற்றினால் அதே மாதிரிதான் கிறீச்சிடும். நான் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். மேல் வயல்காரர் தூரத்திலிருந்து கத்த ஆரம்பித்தார்.

ஆறாம் நாள் மதியத்திலிருந்து காற்று. உணவுக்கூடத்துக் கொடிக்கம்பம் ஊளையிட்டது. காற்று அளவைத் தாண்டினால் கூரை திறக்கக் கூடாது என்பது சட்டம். நிக்கோலாஸ் திரையில் எண்ணைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். சூரியன் இறங்கியது. காமிராவை மாட்டி முடித்து எல்லாம் தயார், கூரை மட்டும் மூடிக் கிடந்தது. பவுலோ தன் வேலையை விட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றார். நான் பையிலிருந்த மஞ்சள் துணியைக் கைக்குள் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தேன். நெல் இல்லாவிட்டால் என்ன, நெல்லோடு வந்த துணிதானே.

"இறங்குது" என்றார் நிக்கோலாஸ். எனக்கு நட்சத்திரம் இறங்குகிறது என்று கேட்டது. காற்று இறங்குவதைச் சொன்னார். பொத்தானைத் தட்டினார். தலைக்கு மேலே இரும்பு உறுமி, கூரை பிளந்து, நிலா வெளிச்சம் உள்ளே விழுந்தது.

திரையில் ஒவ்வொரு புள்ளியாக வந்தது. ஒவ்வொன்றும் என் நட்சத்திரத்தின் வெளிச்சம். எல்லாம் ஒரே மட்டத்தில், நடவு வரிசை போல. வந்துகொண்டே இருந்தன. நான் குறித்திருந்த நேரம் வந்தது. புள்ளி இறங்கவில்லை. அடுத்ததும் இறங்கவில்லை. பதர் என்று சொன்னவரின் முகம் என் கண்ணில் நின்றது. அதற்கடுத்த புள்ளி ஒரு மயிரிழை கீழே விழுந்தது. அதற்கடுத்தது இன்னும் கீழே. இன்னொன்று. இன்னொன்று. வரிசை மொத்தமும் ஒரு பள்ளத்தில் இறங்கி, அடியில் சமமாக ஓடியது.

"போகுது! குறுக்க போகுது!" என்று இத்தாலி மொழியில் கத்தியவர் பவுலோ. என்ன சொன்னார் என்று பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் குதித்த குதியில் நாற்காலி கவிழ்ந்தது. பள்ளம் முடிந்து புள்ளிகள் பழைய மட்டத்துக்கு ஏறி வந்தபோது, பேசாத நிக்கோலாஸ் மேஜையைப் படபடவென்று தட்டினார். நான் அழுதேன், இந்த முறை எல்லோர் முன்னாலும், சத்தமாக. இத்தனை வருடமும் என்னோடு இருந்தது நெல். பதர் இல்லை, மணி பிடித்த நெல். காமிராவைத் திருப்பி மாட்டியதில் ஒரு கோளாறும் இல்லை. பவுலோ தன் பால்மண்டலங்களைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார். நான் போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

ஊரில் அப்போது விடிந்துகொண்டிருந்தது. அப்பா வாய்க்கால் கரையில் இருந்தார். பின்னால் நாலைந்து பேர் பேச்சுக் குரல்.

"அப்பா! கெடச்சிருச்சுப்பா! மூணாவது கோளு இருக்கு. நான் பாத்துட்டேன்!"

"பாத்துட்டியா? நல்லா பாத்தியாம்மா?"

"நல்லா பாத்தேன்பா. தண்ணி வந்துருச்சா?"

"மேல ஊரு வரைக்கும் வந்துருச்சாம். நமக்கு இன்னும் ரெண்டு நாளு ஆவும். அத வுடு. அந்தக் கோளு எங்க இருக்கு?"

"ரெண்டுக்கும் வெளிய. கடைசியில."

அப்பாவின் குரல் இறங்கியது. "அப்ப கடைமடைன்னு சொல்லு. பாவம், அதுக்கு என்னம்மா வந்து சேரும்."

"இல்லப்பா, அங்க அப்படி இல்ல. முன்னால உள்ள ரெண்டும் சூடு தாங்காம கருகிப் போய்க் கெடக்கு. மூணாவதுதான் பதமான சூட்டுல இருக்கு. அங்க எங்கயாச்சும் தண்ணி நிக்குதுன்னா, கடைமடையிலதான் நிக்கும்."

அப்பாவின் சிரிப்பு கேட்டது. அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை. போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுக் கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"ஏய், கேட்டுக்கங்கப்பா! மேல ஒரு எடத்துல தலைமடையெல்லாம் காஞ்சு கருகிக் கெடக்குதாம். கடைமடைக்குத்தான் தண்ணி நிக்குமாம்! எம் மவ பாத்துட்டுச் சொல்லுது!"

கரையில் ஒரே கூச்சல், விசில். அந்தச் சத்தத்துக்கு நடுவே யாரோ கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது.

"அண்ணே, அங்க நம்ம பேருல பட்டா கெடைக்குமான்னு கேளுங்கண்ணே!"

"கேக்குறாங்கம்மா" என்றார் அப்பா, சிரிப்பு அடங்காமல். "என்ன சொல்லட்டும்?"

மேற்கே மலைக்கு மேல் என் நட்சத்திரம் இறங்கிக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்தேன்.

"கெடைக்கும்னு சொல்லுங்கப்பா!" என்று சிலி மலையே அதிரக் கத்தினேன்.